இஞ்சினுக்கு ஒரு இஸ்திகாரா

லாபிருக்கு ஐம்பத்துநாலு வயது. இந்த வயதுக்குள் அவர் எடுத்த பெரிய முடிவுகள் இரண்டே இரண்டு. ஒன்று, நஃபீஸாவைக் கல்யாணம் முடித்தது. அதுகூட மாமா எடுத்த முடிவு, இவர் தலையாட்டியதோடு சரி. மற்றது, இரண்டாயிரத்து ஐந்தில் கூட்டாளி முனாஸோடு பாதிக்குப் பாதி சேர்ந்து ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியது. அதிலும் வாங்குவோம் என்று சொன்னது முனாஸ்தான். ஆக, உள்ளதைச் சொன்னால், லாபிர் எந்த முடிவும் எடுத்ததில்லை. அப்படிப்பட்ட மனிதரிடம் போய் இரண்டு டீசல் இஞ்சின்களில் ஒன்றைத் தேர்ந்தெடு என்றால் என்ன ஆகும்?

கார் எழுபத்தேழாம் ஆண்டு செலிக்கா. இரண்டே கதவு, நீண்ட மூக்கு, தரையோடு தரையாக இருக்கை. இறால் பண்ணைகள் நோய் விழுந்து ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்ட காலத்தில், பண்ணைக்காரர் ஒருவர் கொழும்புக்குத் திரும்பும்போது கற்பிட்டியில் கழித்துவிட்டுப் போனது. காரின் பதிவுப் புத்தகத்தை யார் பேரில் எழுதுவது என்ற கேள்வி வந்தபோது லாபிரின் அடையாள அட்டை சாரத்தோடு சேர்ந்து சலவைக்குப் போய்க் கூழாகியிருந்தது. அதனால் முனாஸின் பேரில் எழுதினார்கள். ஒரு வாரம் இவருக்கு, ஒரு வாரம் அவருக்கு. பதினேழு வருடம் அந்தக் காரால் இருவருக்கும் ஒரு சொல் வந்ததில்லை. வந்தாலும் லாபிர் அதைத் துடைத்துப் பளபளப்பாக்குகிறார், முனாஸ் அதை ஓட்டிப் புழுதியாக்குகிறார் என்ற அளவில்தான்.

ஓட்டுவது என்றால் முனாஸ்தான். தொழில் உப்பு லொறி. லாபிரும் ஐஸ் லொறிக்காரர்தான், ஆனால் அவர் ஓட்டுவது சம்பளத்துக்கு; முனாஸ் ஓட்டுவது ஆசைக்கு. அந்த முனாஸ் போன வருடம் உப்பளத்தில் எதையோ மிதித்தார். அவருக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. சீனி வருத்தக்காரனின் காலில் சின்னக் காயம் சின்னதாக இருப்பதில்லை. இரண்டு மாதத்தில் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஆசுபத்திரியில் தந்த செயற்கைக் கால் அலுமாரிக்குப் பின்னால் ஒரு பழைய சாரத்தால் மூடி நிற்கிறது. முனாஸ் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்து ஏழு மாதமாகிறது. கிளினிக்குக்கு மட்டும் வெளியே வருவார். ஜும்ஆவுக்குக்கூட வருவதில்லை.

அவருடைய மனைவி உம்மு குல்தூம் ஒரு நாள் வேலிப் படலையடியில் லாபிரை நிறுத்தினாள்.

"லாபிர் நானா, எப்பிடியாச்சும் இவர வெளிய கொண்டு போங்க. இப்பிடியே கிடந்தா இந்த மனிசன் சுவரோட சுவராப் பெய்த்திடுவார்."

அன்றுதான் லாபிருக்குக் காரின் ஞாபகம் வந்தது. பெற்றோலுக்கு நாள்கணக்கில் வரிசையில் நின்ற காலத்தில் கொட்டிலுக்குள் விட்ட கார், பிறகு வெளியே வரவேயில்லை. கடற்களப்பின் உப்புக் காற்றில் இஞ்சின் இறுகி, சாவி போட்டால் செருமக்கூட மாட்டேன் என்றது. அதைத் திருப்பி ஓட வைக்க வேண்டும். முனாஸைப் பக்கத்தில் ஏற்றி உப்பளத்துப் பாதையில் கொண்டு போக வேண்டும். கார் ஓடினால் முனாஸ் எழும்புவார். கார் கிடந்தால் முனாஸும் கிடப்பார். லாபிரின் மனதில் இது வெயில் போலத் தெளிவாக இருந்தது. அவரிடம் தெளிவாக இருந்த கடைசி விஷயமும் அதுதான்.

பழைய பெற்றோல் இஞ்சினுக்கு உதிரிப்பாகம் இல்லை என்று எல்லாரும் கையை விரித்தார்கள். டீசல் போடுங்கள் என்றார்கள். இந்தக் கரையில் பெரிய மீன்பிடி போட்டுக்கும் டீசல், லொறிக்கும் டீசல். தெரிந்த கை நூறு உண்டு. சரி, எந்த டீசல்?

கனமூலையில் இருக்கும் ஜௌபர், நஃபீஸாவின் தம்பி, மரக்கறி லொறி வைத்திருப்பவர். அவரிடம் சின்ன லொறியொன்றின் இஞ்சின் இருந்தது. நல்ல இழுவை, அஞ்சு கியர், நெஞ்சில் அடிக்கிற சத்தம். ஸ்போர்ட்ஸ் காருக்கு ஆம்பிள இஞ்சின் வேண்டும் என்பது அவர் கட்சி. தலவிலப் பக்கம் போட் இஞ்சின் திருத்தும் அமல்ராஜிடம் வேறொன்று இருந்தது. பின்னால் இடிபட்ட ஒரு வான் வண்டியிலிருந்து கழற்றியது. சின்னது, அமைதியானது, காரின் மூக்குக்குள் அளவெடுத்தது போல உட்காரும். ஆனால் அதோடு வந்த கியர் பெட்டி ஓட்டோமற்றிக். தானாக மாறும். கிளச் கிடையாது.

"பெட்டிய நினைச்சா எனக்கே விருப்பமில்ல நானா. ஆனா இஞ்சின் தங்கம்" என்று அமல்ராஜே சொன்னார்.

ஓட்டோமற்றிக் என்ற சொல்லைக் கேட்டதும் ஜௌபர் சிரித்த சிரிப்பு கனமூலையிலிருந்து மதுரங்குளி வரை கேட்டிருக்கும். ஸ்போர்ட்ஸ் காருக்கு ஓட்டோமற்றிக் போடுவதைவிட அதைக் கோழிக்கூடாக்கலாம் என்றார்.

லாபிர் கேட்காத ஆள் இல்லை. ஐஸ் ஆலையில் கேட்டார், மீன்வாடியில் கேட்டார், முடி வெட்டப் போன இடத்தில் பாதித் தலையோடு கேட்டார். கைபேசியில் ஒரு வெள்ளைக்காரன் இதே வேலையைச் செய்யும் காணொளியை மூன்று தரம் பார்த்தார். மொழி விளங்கவில்லை, கடைசியில் அந்த ஆள் ஏன் சிரித்தான் என்பதும் விளங்கவில்லை. கேட்கக் கேட்கக் குழப்பம் கூடியதே தவிரக் குறையவில்லை. லொறி இஞ்சின் பாரம், காரின் மூக்கு அமுங்கும் என்றார் ஒருவர். வான் இஞ்சின் பலமில்லை, மணலில் நிற்கும் என்றார் இன்னொருவர். நஃபீஸா பாவம், சோறு போடும்போதெல்லாம் இஞ்சின் கதை கேட்டாள்.

"இவ்வளவு யோசின எனக்கு மாப்பிள பாக்கக்குள்ளயும் எங்கட வாப்பா யோசிக்கல்ல" என்றாள் ஒரு நாள்.

கடைசியில் லாபிர் பள்ளிவாசலுக்குப் போய் இமாம் ஹஸரத்தைப் பிடித்தார். இரண்டில் எதைத் தேர்வதென்று தெரியாமல் தவிப்பவன் இரண்டு ரக்அத் தொழுது, எது நல்லதோ அதன் பக்கம் மனதைத் திருப்பிவிடு என்று அல்லாஹ்விடம் கேட்பதுதான் இஸ்திகாரா. ஊரில் கல்யாணத்துக்குத் தொழுவார்கள், வெளிநாட்டுப் பயணத்துக்குத் தொழுவார்கள். டீசல் இஞ்சினுக்குத் தொழலாமா என்று கேட்டு வந்தவரை ஹஸரத் அன்றுதான் கண்டார். ஆனால் சிரிக்கவில்லை.

"தொழலாம். ஆனா மஷூறா முந்தி, இஸ்திகாரா பிந்தி. கேக்க வேண்டிய ஆக்களுட்ட எல்லாம் கேட்டீங்களா?"

"கேக்காத ஆள் இல்ல ஹஸரத்" என்றார் லாபிர். ஆலோசனை கேட்பதுதான் மஷூறா. அதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று அவர் உண்மையாகவே நம்பினார்.

தொழுதுவிட்டுப் படுத்தார். விடிந்ததும் தேத்தண்ணீரைக்கூடத் தொடாமல் நஃபீஸாவிடம் கனவைச் சொன்னார். கார் உப்பளத்துப் பாதையில் போகிறது. இவர் இடது பக்கத்து இருக்கையில் இருக்கிறார். ஓட்டுவது யாரென்று திரும்பிப் பார்த்தால் களப்பிலிருந்து வெயில் கண்ணில் அடிக்கிறது, முகம் தெரியவில்லை. அவ்வளவுதான் கனவு.

கனவு வராமலே இருந்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். இஞ்சின் சத்தம் கேட்டதா என்று ஜௌபர் விசாரித்தார். கேட்கவில்லை என்றதும், லொறி இஞ்சின்தான், புதிதாகக் கட்டினால் சத்தமே வராது என்றார். நெஞ்சில் அடிக்கும் சத்தம் என்று அவரே போன வாரம் சொன்னதை லாபிர் ஞாபகப்படுத்தவில்லை. அமல்ராஜோ, சத்தமில்லை என்றால் அது வான் இஞ்சின்தானே என்றார். நஃபீஸாவுக்கு வேறு பயம். வேறு யாரோ ஓட்டுகிறார்கள் என்றால் கார் கைமாறப் போகிறது என்று அர்த்தம் என்றாள். லாபிருக்கும் அந்தப் பயம் பிடித்துக்கொண்டது. சகுனம் கேட்டுத் தொழுவதில்லை, மனம் எங்கே சாய்கிறதென்று பாருங்கள் என்றார் ஹஸரத். லாபிரின் மனமோ காலையில் கனமூலைக்கும் மாலையில் தலவிலவுக்கும் சாய்ந்துகொண்டிருந்தது.

இந்த நிலையில் ஜௌபர் யாரையும் கேட்காமல் லொறி இஞ்சினை ஏற்றி வந்து லாபிரின் வாசலில் இறக்கிவிட்டுப் போனார். முடிவு வீடு தேடி வந்து இறங்கியதில் லாபிருக்கு உள்ளூரச் சந்தோஷம்தான்.

அமல்ராஜ் வந்து அளந்தார். இஞ்சின் நாலு விரல் உயரம் கூட, பொனட்டை வெட்டித்தான் ஆக வேண்டும் என்றார். பெற்றோல் டீசலாக மாறுகிறது, அதைப் புத்தகத்தில் பதிய வேண்டும். அதற்குச் சொந்தக்காரரின் கையெழுத்து வேண்டும், அது இல்லாமல் வெட்டமாட்டேன் என்றும் சொன்னார். இன்னும் மூன்று நாளில் தலவிலத் தேவாலயத் திருநாளின் பெரிய சனம் வரத் தொடங்கும், அது முடியும்வரை கராஜ் பூட்டு. அதற்கு முன் கடுதாசி வேண்டும்.

புத்தகப்படி சொந்தக்காரர் முனாஸ். கார் ஓடி வந்து வாசலில் நிற்கும்போதுதான் அவருக்குத் தெரிய வேண்டும் என்று இத்தனை நாள் லாபிர் மறைத்து வைத்திருந்தார். இப்போது வேறு வழியில்லை. அஸர் தொழுதுவிட்டுக் கடுதாசியோடு போனார். முனாஸ் வழக்கம்போலச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். லாபிர் கதிரையை இழுத்துப் போட்டு எல்லாவற்றையும் சொன்னார். காரைச் சொன்னார், ஜௌபரைச் சொன்னார், இழுவையைச் சொன்னார், பொனட்டில் ஓட்டை வந்தாலும் அது ஒரு வடிவுதான் என்றும் சொன்னார். முதலில் முனாஸ் அசையவில்லை. பொனட் என்ற சொல்லில் மெதுவாகத் திரும்பினார். ஏழு மாதத்தில் லாபிர் அவர் முகத்தை முழுதாகக் கண்டது அப்போதுதான். தாடி நரைத்திருந்தது. ஆனால் கண்ணில் என்னவோ இருந்தது, பழைய முனாஸ் கொஞ்சம்.

"எத்தின பெடல்?" என்று கேட்டார்.

"என்ன?"

"காரில எத்தின பெடல் வரும் எண்டு கேக்கிறன்."

"மூணுதான். வேற எத்தின வாற?" என்றார் லாபிர். சொல்லிவிட்டு, முனாஸுக்குத் தைரியம் வரட்டும் என்று, "அஞ்சு கியர் மச்சான்" என்றும் சேர்த்தார்.

கண்ணில் இருந்தது போய்விட்டது. முனாஸ் கடுதாசியை மடித்து லாபிரின் மடியில் வைத்தார். மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார்.

லாபிர் குழம்பிப் போனார். இதுவரை குழம்பியதெல்லாம் குழப்பமே இல்லை என்று ஆகிவிட்டது. பொனட்டை வெட்டுவது பிடிக்கவில்லையோ? அவரைக் கேட்காமல் தொடங்கியது கோபமோ? ஜௌபருக்கும் முனாஸுக்கும் எப்போதோ ஒரு மாட்டுத் தகராறு, அதுவோ? நஃபீஸா இன்னொன்று சொன்னாள்: இவர் மட்டும் ஓட்டிக்கொண்டு திரியப் போகிறார் என்று அவருக்கு மனம் நொந்திருக்கும். அவர ஏத்திக்கொண்டு போகத்தானே இந்தப் பாடெல்லாம் என்று லாபிருக்கு அழுகையே வந்தது. வாசலில் கிடந்த இஞ்சினைப் பார்க்கவே வெறுப்பாக இருந்தது. மூன்று நாள் போயிற்று. கடுதாசி சட்டைப் பையில் வியர்வையில் நனைந்து காய்ந்து நனைந்தது. அமல்ராஜும் கராஜைப் பூட்டிவிட்டுத் திருநாளுக்குப் போய்விட்டார்.

திருநாள் சனத்துக்குள் ஐஸ் லொறி ஓட்டுவது என்னவென்று ஓட்டினவனுக்குத்தான் தெரியும். தலவிலச் சந்திக்கு இரண்டு மைல் முன்னாலேயே பஸ்களும் வான்களும் ஒட்டிக்கொண்டு நின்றன. பின்னால் ஐஸ் கரைந்து தண்ணீர் ஓடுகிறது. ஒரு முழம் நகரும், நிற்கும். கிளச்சை மிதி, கியரைப் போடு, விடு, மிதி, நிறுத்து. ஒரு மணித்தியாலம் இப்படிப் போனதும் லாபிரின் இடது கால் நடுங்கத் தொடங்கியது. முழங்காலுக்குக் கீழே நரம்பு இழுத்து விறைத்துவிட்டது. கால் இருந்தும் இல்லாதது போல ஆகிவிட்டது, இனி மிதிக்க ஏலாது என்று வாய்விட்டுச் சலித்துக்கொண்டார்.

சொன்ன வாயை மூடாமல் அப்படியே இருந்தார்.

முன்னால் போன பஸ் பத்து முழம் நகர்ந்துவிட்டது. பின்னாலிருந்தவர்கள் ஹோர்ன் அடித்துக் காதைக் கிழித்தார்கள். லாபிர் குனிந்து தன் காலடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று பெடல். வலது காலுக்கு இரண்டு, இடது காலுக்கு ஒன்று. முனாஸைப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு போவதைத்தான் அவர் இத்தனை நாளும் நினைத்திருந்தாரே தவிர, முனாஸ் ஓட்டுவதை ஒரு தரம்கூட நினைக்கவில்லை. முடி வெட்டுகிறவனிடம் கேட்டார், மீன்வாடியில் கேட்டார், முகம் தெரியாத வெள்ளைக்காரனிடம்கூடக் கேட்டார். கேட்க வேண்டிய ஒரு மனிதனிடம் மட்டும் கேட்கவில்லை. ஹஸரத்துக்குப் பொய் சொல்லியிருக்கிறோம், அதுவும் பள்ளிக்குள் வைத்து என்று நினைத்தபோது அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது. அந்தக் கேள்வியைக் கேட்க முனாஸ் எவ்வளவு தெண்டித்து மனதைத் திரட்டியிருப்பார் என்று நினைத்தபோது வெட்கம் வேறொன்றாக மாறியது. ஐஸ் லொறிக்குள் இருந்துகொண்டு ஐம்பத்துநாலு வயது மனிதர் தோளால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அன்று பாதி ஐஸ்தான் கற்பிட்டிக்குப் போய்ச் சேர்ந்தது. முதலாளி ஏசியது லாபிரின் காதில் விழவில்லை. நேரே முனாஸின் வீட்டுக்குப் போனார். கதிரையில்கூட இருக்கவில்லை. கசங்கிய கடுதாசியைக் கட்டிலில் வைத்தார்.

"மச்சான், ரெண்டு பெடல்" என்றார்.

முனாஸ் சுவரைப் பார்த்தபடியே கையை மட்டும் பின்னால் நீட்டிக் கடுதாசியை எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். பேனை கேட்டார். கையெழுத்து வைத்து முடிந்ததும் குசினிப் பக்கம் பார்த்து, "குல்தூம், அலுமாரிக்குப் பின்னால நிக்கிறத எடுத்துக்கொண்டு வா" என்றார்.

லொறி இஞ்சின் வந்த வழியே கனமூலைக்குப் போனது. ஜௌபர் ஒரு மாதம் அக்காவின் வீட்டுப் படி மிதிக்கவில்லை. காரணத்தைச் சொன்னதும் வந்தார். கோழிக்கூடு கதையை மட்டும் யாரும் எடுக்கவில்லை. திருநாள் முடிந்து கராஜ் திறந்ததும் அமல்ராஜ் வேலையைத் தொடங்கினார். இதை முதல் நாளே சொல்லியிருந்தால் இஞ்சினை விட்டுவிட்டுப் பெட்டியைத்தானே நான் புகழ்ந்திருப்பேன் என்றார். பொனட்டை வெட்டவில்லை. வான் இஞ்சின் அவர் சொன்னபடியே அளவாக உட்கார்ந்தது. மிதிபலகைக்கு மேலே கிளச் இருந்த இடத்தில் ஒரு தகட்டை வைத்து அடைத்தார்.

கால் போனவர்களுக்குக் கொடுக்கும் லைசன்ஸுக்கு முனாஸ் எழுதிப் போட்டிருக்கிறார். அது வரும்வரை பெரிய றோட்டில் ஏறக்கூடாது என்று உம்மு குல்தூமிடம் இருவரும் வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் உப்பளத்துக்குள் போகும் மண் பாதை உப்பளத்துக்காரருக்குச் சொந்தம், அவர் முனாஸின் பழைய முதலாளி.

முதல் நாள் முனாஸ் பொனட்டைத் திறந்து பார்க்கவில்லை. செயற்கைக் காலில் நொண்டி நொண்டி வந்து, வலது கதவைத் திறந்து, ஸ்டியரிங்குக்குக் கீழே குனிந்து எண்ணினார். இரண்டு. எண்ணிவிட்டு ஏறினார். லாபிர் சுற்றிப் போய் இடது பக்கம் ஏறினார். டீசல் இஞ்சின் கொஞ்சம் நடுங்கியது, பிறகு ஓடியது. பாத்திகளுக்கு நடுவே பாதை நேராகப் போனது. மாலை வெயில் களப்பிலிருந்து கண்ணில் அடித்தது. லாபிர் திரும்பி முனாஸைப் பார்த்தார். கண் கூசியதில் முகம் தெரியவில்லை. அந்தக் கனவு அப்போதுதான் அவருக்கு விளங்கியது. மறுபடி முன்னால் திரும்பிப் பாதையைப் பார்த்தார்.

மதகடியில் மாடொன்று குறுக்கே வந்தது. முனாஸ் பிரேக் பிடித்தார். அதே நொடியில் அவருடைய இல்லாத கால் கிளச்சை மிதிக்கப் போய், செயற்கைக் கால் தகட்டில் இடித்து டங் என்றது. பயந்துபோய் லாபிரைப் பார்த்தார்.

லாபிரின் இடது காலும் வெறும் தரையை அழுத்தி மிதித்துக்கொண்டிருந்தது.